ஒண்டிக்கு ஒண்டி ஆட்டத்துக்கு நான் சாத்திய கயிறு

யானைமுகத்து ஐயனே, எழுதத் தொடங்கும் கைக்கெல்லாம் முன்னே வந்து நிற்பவனே, இந்தக் கிழவனின் கையையும் பிடித்துக்கொள். பிறை சூடிய உன் தந்தையும் அவர் மேனியில் பாதி கொண்ட உன் தாயும் சாட்சியாக இருக்கட்டும். சினம் மிகுந்து பொய் கலந்துவிடாமலும், நாணம் மிகுந்து மெய் குறைந்துவிடாமலும் காத்தருள்.

இன்று கார்த்திகைத் திங்களின் சோமவாரம். பிரதோஷமும் கூடி வந்த புண்ணிய தினம். நீராடி, நீறணிந்து, விளக்கின் முன் அமர்ந்து எழுதுகிறேன். இப்படிப்பட்ட நாளில் தோத்திரம் எழுத வேண்டிய கை, கைபேசியில் ஆடும் ஒரு சூதைப் பற்றி எழுதுகிறது. எழுதாமல் விட்டால் ஓதுவதற்கும் எனக்கு வாய் எழாது என்பதால் எழுதுகிறேன்.

நான் மும்பை மாட்டுங்காவில் வசிப்பவன். கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். ஞாயிறு தோறும் காலையில் ரயில் பாலத்தைக் கடந்து தாராவிக்கு நடந்து செல்வது என் வழக்கம். அங்கே தமிழர் வாழும் ஒரு சந்தில், இரண்டு தோல் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சிறிய பிள்ளையார் கோயில் இருக்கிறது. அதன் முன்கூடத்தில் இருபது பேர் அமரலாம். முப்பது பேர் அமர்வோம். பழைய பதிகங்களைப் பண்ணோடு ஓதுவது எங்கள் சபையின் பணி. பலருக்குத் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. நான் ஓர் அடி சொல்ல, அவர்கள் வாங்கிச் சொல்வார்கள்.

முதல் வரிசையில் அமர்பவர் ஒரு தோல்பைக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கோயிலுக்கு எதிர் மாடியில் இரண்டு தையல் இயந்திரங்களோடு பை தைப்பது அவர் தொழில். ஆனால் அந்தச் சந்தில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது கேரம் பலகை. பொங்கலுக்கும் கணபதி விழாவுக்கும் நடக்கும் போட்டிகளில் அவர் வென்ற கோப்பைகள் பட்டறைச் சுவரில் வரிசையாக நிற்கும். மூலையில் ஒளிந்திருக்கும் சிவப்புக் காயை பலகையின் எதிர்ச் சட்டத்தில் மோதித் திருப்பிக் குழியில் இறக்குவார். பலகையைச் சுற்றி நிற்கும் கூட்டம் ஒரு கணம் மூச்சு விடாது. நானும் நின்று பார்த்திருக்கிறேன். பாடும்போது தாளம் தப்பாத அந்த விரல் பலகையிலும் தப்பாது என்று நானே மெச்சியிருக்கிறேன்.

அவருடைய ஒரே மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவள். செம்பூரில் ஒரு செவிலியர் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் கட்டணம் செலுத்த வேண்டும். தவறினால் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். தாய் வடாலாவில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்து நான்கு ஆண்டுகளாகச் சேர்த்த தொகை மகள் பெயரில் வங்கியில் இருந்தது.

இனி என் பிழை.

எங்கள் சபையில் கயிறு சாத்திப் பார்க்கும் வழக்கம் உண்டு. என் தந்தையார் விட்டுச் சென்ற தடித்த பதிகத் தொகுதியைப் பிள்ளையார் முன் வைப்போம். ஒரு காரியத்தில் இறங்கலாமா என்று ஐயம் கொண்டவர் அதை மனத்துக்குள் நினைத்து நிற்பார். நான் கண்ணை மூடிச் சிவப்புக் கயிற்றை ஏட்டின் நடுவே நுழைப்பேன். கயிறு விழுந்த பக்கத்தில் எந்தப் பாடல் இருக்கிறதோ அதுவே விடை. இதற்கு ஒரு நெறி உண்டு: காரியம் இன்னதென்று கேட்பவர் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சாத்துபவரும் வினவக் கூடாது. அது அடியவருக்கும் ஆண்டவனுக்கும் இடையே உள்ள பேச்சு. பெண் பார்க்கப் போவதற்கும், ஊரில் கிணறு வெட்டுவதற்கும், அறுவைச் சிகிச்சைக்கும் நான் சாத்தியிருக்கிறேன். ஒருமுறையும் வினவியதில்லை. அந்த வினவாமையை ஒரு பெருந்தன்மை என்றே எண்ணியிருந்தேன்.

கட்டணம் செலுத்தும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை ஓதல் முடிந்ததும் தோல்பைக்காரர் கைகட்டி நின்றார்.

"ஐயா, ஒரு காரியம் நெனச்சிருக்கேன். ஒரு கயிறு சாத்திப் பாத்துச் சொல்லுதீயளா?"

"மனசுல நல்லா நெனைச்சுக்கப்பா."

"நெனச்சாச்சுய்யா. ஒரு வாரமா அதே நெனப்புத்தான்."

மகளின் படிப்பைத்தான் நினைக்கிறார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். கயிற்றை நுழைத்தேன். எதிர்த்து வருவோர் வலிமை இழப்பர், இறைவன் துணை நிற்க அஞ்சுவது எதற்கு என்னும் கருத்துடைய பாடல் வந்தது. பண்ணோடு பாடிக் காட்டி, பொருளும் சொல்லி, "தைரியமா இறங்கு" என்று நெற்றியில் நீறும் பூசிவிட்டேன். அவர் கண் கலங்கிற்று. என் கண்ணும் கலங்கிற்று என்பதை இப்போது நினைக்கும்போது உடம்பு கூசுகிறது.

அடுத்த ஞாயிறு அவர் கைநிறையப் பேடா வாங்கி வந்து சபை முழுவதற்கும் கொடுத்தார். "கெலிச்சாச்சுய்யா! உங்க கயிறு பொய்க்குமா?" என்றார். எதில் வென்றார் என்று அப்போதும் நான் கேட்கவில்லை. பேடாவைத் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை முற்பகல், அவர் மனைவியும் மகளும் மாட்டுங்காவில் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தாய் உட்கார மறுத்துவிட்டார். பெண் உட்கார்ந்து, கைபேசியை மேசைமேல் வைத்தாள்.

"தாத்தா, எங்கப்பாவுக்கு எதுக்குக் கயிறு சாத்துனீங்க?"

"அதை நான் கேக்கப்படாதும்மா. உன் படிப்புக்காக இருக்கும்."

"என் படிப்புக்கா?" என்று சிரித்தாள். "அவர் ஆப்ல கேரம் ஆடுறாரு. பைசா வச்சு. அதுக்குத்தான் சாத்துனீங்க."

அவள் சொல்லச் சொல்ல எனக்கு விளங்கியது இது. கைபேசித் திரையில் ஒரு கேரம் பலகை. முன்பின் அறியாத இருவர், ஒண்டிக்கு ஒண்டி. இருவரும் சம தொகை பந்தயம் வைக்க வேண்டும். வென்றவனுக்கு இரண்டு பங்கும் போகும். அதில் ஒரு பகுதியை ஆட்டத்தை நடத்துபவன் முதலிலேயே வெட்டிக்கொள்வான். யார் தோற்றாலும் தோற்காதவன் அவன் ஒருவன்தான். பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு அரசு தடை போட்ட பிறகு, உள்ளூரில் நடத்தியவர்கள் கடையை மூடினார்கள். உடனே எந்த நாட்டிலிருந்து நடக்கிறதென்றே தெரியாத வேறொன்று, யாரோ அனுப்பிய இணைப்பின் வழியாக அவர் கைபேசிக்குள் நுழைந்திருக்கிறது. மதிய உணவு நேரத்தில் பட்டறையில் உட்கார்ந்து ஆடுவாராம். முதல் மாதம் சிறு சிறு வெற்றிகள். பிறகு குறி தப்பாத எதிராளிகள் வந்தார்கள். பட்டறையின் கையிருப்பு கரைந்தது. இழந்ததை ஒரே ஆட்டத்தில் மீட்க, பெரிய பந்தயம் வைத்து இறங்கலாமா என்பதுதான் பிள்ளையாரின் முன் அவர் நினைத்து நின்ற காரியம்.

"தோத்திருந்தாக்கூடப் பரவால்ல தாத்தா. கெலிச்சுட்டாரு. அதுதான் பிரச்னை."

மகள் சிறுமியாக இருந்தபோது தந்தையின் கைபேசி எண்ணைக் கொடுத்துத் தொடங்கிய வங்கிக் கணக்கு அது. பட்டறைப் பணம் தீர்ந்ததும், அந்த எண் வழியாக இந்தக் கணக்கிலிருந்தே அவர் பெரிய பந்தயத்தைக் கட்டினார். வென்ற பணமும் அதே கணக்கில் வந்து விழுந்தது. அனுப்பியவன் ஆட்டக்காரன் அல்லன். எங்கோ ஒரு வட மாநிலத்தில், ஏமாற்றுக்காரர்களிடம் சேமிப்பைப் பறிகொடுத்த யாரோ ஒருவரின் பணம், பல கணக்குகள் மாறி, பந்தய வெற்றி என்ற பெயரில் இந்தப் பெண்ணின் கணக்குக்கு வந்திருக்கிறது. அந்த மாநிலக் காவல்துறை தடம் பிடித்து வந்து, கணக்கு முழுவதையும் முடக்கிவிட்டது. வந்த திருட்டுப் பணத்தோடு, தாய் நான்கு ஆண்டுகள் அடுப்படியில் நின்று சேர்த்த பணமும் உள்ளே மாட்டிக்கொண்டது. கட்டணத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது.

"நான் வாயில்லாப் பூச்சியா நிக்கேன்," என்றார் தாய், நின்றபடியே. "கேட்டா, ஐயாவே உத்தரவு குடுத்துட்டாரு, நீ என்ன பெருசா பேசுதேங்காரு. உங்களுக்கு மேல நான் எங்கன போய்ச் சொல்ல?"

அன்றே அவர்களோடு வங்கிக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர், தங்கள் கையில் ஒன்றும் இல்லை, அந்த மாநிலக் காவல்துறை எழுதிக் கொடுத்தால்தான் திறக்க முடியும் என்றார். காவல் நிலையத்தில் இணையக் குற்றங்களைக் கவனிக்கும் காவலர் என்னையே பணம் இழந்தவன் என்று எண்ணிவிட்டார்.

"காக்கா, கித்னா ஹாரா?" எவ்வளவு தோற்றீர் பெரியவரே, என்றார்.

தோற்கவில்லை, வென்றோம் என்று நான் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். எதிரே ஆடுவது மனிதனாகவே இருக்க வேண்டும் என்பதில்லையாம். ஆட்டத்தை நடத்துபவனே ஒரு பொறியை ஆட வைப்பானாம். மனிதன் ஆடினாலும், காய் எங்கே போகும் என்று கோடு போட்டுக் காட்டும் கள்ளக் கருவியை அவன் வைத்திருக்கலாமாம். யாரை எப்போது வெல்ல விடுவது, எப்போது உரிப்பது என்பதெல்லாம் அவர்கள் கையிலாம். அந்தப் பெண் ஆட்டத்தில் சேரவில்லை என்பதை நிரூபித்து மனு எழுதச் சொன்னார். திறக்க எத்தனை வாரம் ஆகும் என்று கேட்டதற்கு மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் நான் சொன்னேன்: "கட்டணத்தை நான் கட்டுறேம்மா. காசி யாத்திரைக்குன்னு வச்சது இருக்கு."

தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெண் தலையை ஆட்டி மறுத்தாள்.

"மொதல்ல இதக் கேளுங்க தாத்தா."

கைபேசியில் ஒரு குரல் பதிவை ஓட விட்டாள். அவள் தந்தையின் குரல். நடுச்சாலையில், பேருந்துகளின் இரைச்சலுக்கு இடையில் நின்று கேட்டேன். "ஏல, பயப்படாம எறங்குங்கல. நம்ம ஐயா கயிறு சாத்திச் சொன்ன ஆட்டமாக்கும் இது. நான் அனுப்புத இணைப்ப அமுக்கிச் சேருங்க. பிந்தாஸா ஆடலாம்." சபையைச் சேர்ந்த மூவருக்கு அது போயிருந்தது. புதிய ஆளைச் சேர்த்துவிட்டால் சேர்த்தவருக்கு ஓர் ஆட்டம் இலவசமாம். மூவரும் சேர்ந்துவிட்டார்கள்.

ஐம்பது ஆண்டுகள் நான் ஓதிய ஓதலெல்லாம், எந்த ஊர் என்று தெரியாத ஒரு சூதாடிக் கம்பெனிக்குத் தண்டோரா போடப் பயன்பட்டிருக்கிறது. அந்த மனிதர்மேல் வந்த கோபம் கால் பங்கு. என்மேல் அரைப் பங்கு. மீதி, இந்த வலையைப் பின்னியவர்கள்மேல். இப்படிப் பங்கு பிரித்தது அன்று. இன்று அவர்கள் பங்கே எனக்கு மலைபோல் தெரிகிறது.

"நீங்க காசு குடுத்தா நான் வாங்கிக்குவேன்," என்றாள் பெண். "வேணாம்னு வீராப்பு பேச மாட்டேன், எனக்குப் படிக்கணும். ஆனா ஞாயித்துக்கிழமை சபையில எல்லார் முன்னாடியும் நீங்க சொல்லணும். நான் சாத்துன கயிறு தப்புன்னு. அத நீங்க சொன்னாத்தான் அந்த மூணு பேரும் விடுவாங்க. அவங்களுக்கும் வீட்டுல என்னைய மாதிரி ஆள் இருக்கு."

பதினெட்டு வயதுப் பெண். என் பேத்தியாக இருக்க வேண்டியவள். தலையசைத்தேன். ஞாயிறு வருவதற்குள், கட்டணத்தைக் கட்டிவிட்டு, சபையில் பொதுவாகச் சூதின் தீமை பற்றி ஒரு பதிகம் ஓதி நிறுத்திக்கொள்ளலாமே என்று மனம் குறுக்கு வழி தேடியதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிறு வந்தது. அன்று ஓதலுக்கு முன்பே எழுந்து நின்றேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். காரியம் இன்னதென்று கேளாமல் கயிறு சாத்தியது என் பிழை. கேட்டுச் செய்வதே கடமை. இனி இந்தக் கோயிலில் என் கை கயிறு சாத்தாது என்றேன். தோல்பைக்காரர் தூணோடு தூணாக ஒட்டி நின்றார்.

சேர்ந்துவிட்ட மூவரில் ஒருவர், வயதில் இளையவர், சிரித்தார்.

"என்னய்யா, கயிறு நல்லாத்தான வேல செஞ்சிருக்கு? அண்ணாச்சி கெலிச்சாருல்ல? எங்களுக்கும் ஒண்ணு சாத்திட்டுப் பெறவு நிறுத்துங்க."

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"இது சூது இல்லய்யா, தெறமை," என்றார் இன்னொருவர். "சோழி உருட்டுதமா நாங்க? கை வேல."

அப்போதுதான் என் குரல் உயர்ந்தது. கோயிலில் நான் குரல் உயர்த்தியது அன்று ஒருநாள்தான். திறமையா? நம் சந்தில் கேரம் ஆடும்போது எதிரே உட்கார்ந்தவனின் முகம் தெரியும். அவன் பலகையைச் சாய்த்தால் பத்துப் பேர் கையைப் பிடிப்பார்கள். தோற்றவன் வென்றவனுக்குத் தேநீர் வாங்கித் தருவான், அத்தோடு முடியும். இதில் உன் எதிரி யார்? பெயர் தெரியுமா? அவனுக்குக் கை உண்டா? அவன் ஏய்த்தால் எந்தப் பஞ்சாயத்தில் நிறுத்துவாய்? உன் திறமையை அவன் கேட்கவே இல்லையப்பா, உன் திறமையைப் பற்றி உனக்கு இருக்கிற கர்வத்தைத்தான் கேட்டான். அதைத் தூண்டிலில் கோத்துத்தான் உன்னைப் பிடிக்கிறான். நம் மனிதர் ஒருவர் வென்றுவிட்டார் என்று சிரிக்கிறாயே, அந்த வெற்றி எவர் வீட்டு ஒப்பாரி என்று கேட்டாயா? பறிகொடுத்த அந்த முகம் தெரியாதவருக்கும் ஒரு மகள் இருந்தால்?

அப்போது தோல்பைக்காரரின் மனைவி எழுந்தார். சபையில் அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"ஐயா இவ்வளவு பேசுதாரு. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நாளைக்குத் திங்கக்கெழமை. என் மவ பேர்ல நான் போட்ட ரூவா பூட்டிக் கெடக்கு. கெலிச்ச மனுசன் அந்தா நிக்காரு. எவனாவது போயி அந்த ஆப்புக்காரன்ட்டச் சொல்லி அதத் தெறந்து தந்துருவியளா? தந்தா நானும் ஆடுதேன்."

தோல்பைக்காரர் தூணை விட்டு வந்து, கைபேசியை மனைவியின் கையில் வைத்தார். சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வைத்தார். மூவரில் இருவர் அங்கேயே அந்தச் செயலியை நீக்கினார்கள். முதலில் சிரித்த இளையவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை சபைக்கு வரவில்லை. அவர் வீட்டுக்கு இரண்டு முறை போனேன், கதவு திறக்கவில்லை. மூன்றாம் முறையும் போவேன்.

திங்கட்கிழமை காலை பெண்ணும் தாயும் நானும் பேருந்தில் செம்பூர் போனோம். கல்லூரி அலுவலகத்தில் நீண்ட வரிசை. காத்திருப்போர் பட்டியலில் இருந்த ஒரு குடும்பமும், யாராவது கட்டாமல் விடுவார்களா என்று சுவரோரம் உட்கார்ந்திருந்தது. அவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எங்கள் முறை வந்தது. காசி யாத்திரைப் பணம் கல்லூரிக்குப் போயிற்று. ரசீதைப் பெண் இருமுறை படித்துவிட்டுத் தாயிடம் கொடுத்தாள். படிக்கத் தெரியாத தாய் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவள் வகுப்புக்குப் போய் வருகிறாள். கணக்கு இன்னும் முடங்கித்தான் கிடக்கிறது. மனு போயிருக்கிறது, விடை இல்லை. செவிலியர் படிப்பு முடித்து வேலைக்குச் சேரும்போது, தன் பெயர் ஒரு திருட்டு வழக்கின் தாள்களில் இருப்பது இடைஞ்சலாகுமா என்று அவள் கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. வங்கியிலும் காவல் நிலையத்திலும் யாருக்கும் தெரியவில்லை. அந்த ஆட்டத்தை நடத்துபவனுக்கு இது ஒன்றும் தெரியாது. அவன் இந்நேரம் வேறு பெயரில், வேறு நிறத்தில், இன்னொரு பட்டறைக்குள் நுழைந்து, "நீ திறமைசாலி" என்று இன்னொருவர் காதில் ஓதிக்கொண்டிருப்பான்.

சென்ற வாரம் ஓதல் முடிந்து நான் கிளம்பும்போது தோல்பைக்காரர் சந்து முனைவரை கூட நடந்து வந்தார். தோல் வெட்டிக் காய்ப்பேறிய கை. முனை வந்ததும் கேட்டார்:

"ஐயா, நடந்ததெல்லாம் தப்புத்தான். ஆனா அந்தக் கடைசி ஆட்டம்... நான் சுத்தமா ஆடிக் கெலிச்சதுதான? அது மட்டுமாச்சும் நெசந்தான?"

"தெரியலையேப்பா," என்றேன். "உனக்கு விட்டுக்கொடுத்து ஜெயிக்க வச்சிருந்தாலும் உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது."

அவர் அங்கேயே நின்றுவிட்டார். பணம் போனபோதும், சபை முன் தலைகுனிந்தபோதும் கலங்காத முகம் அப்போது கலங்கியது. இருபது ஆண்டுகள் பலகை முன் குனிந்து ஈட்டிய ஒரே செல்வம் அது, தன் விரல்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை. அதையும் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். இதற்கு எந்தக் காவல் நிலையத்தில் மனு எழுதுவது?

இதைப் படிக்கும் நீங்கள் யாவரும் நலமாக வாழ்க. உங்கள் உழைப்பு உங்கள் பிள்ளைகளின் தட்டில் சோறாகவும் கையில் ஏடாகவும் சேர்க. உங்கள் திறமையைப் புகழ வருபவரின் முகத்தை நீங்கள் காண்பீராக. முகமில்லாதவரின் புகழ்ச்சி உங்கள் காதை அடையாதிருப்பதாக. ஐயம் எழும்போது உங்களை வாய்விட்டுக் கேட்கும் ஓர் உறவு அருகில் இருக்கட்டும். எல்லாம் வல்ல ஈசன் உங்களையும், இதுவரை நீங்கள் அறியாத உங்கள் எதிராளியையும் காத்தருள்க.